வயிறு தேறும் வரைக்கும் ஒபரேஷன் முடியவில்லை



பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் யாருக்காவது வயிற்றில் ஒபரேஷன் நடந்திருந்தால் பொறுமையாக வாசியுங்கள். நடக்காதவர்களும் வாசியுங்கள். இது எந்த வீட்டுக் கதவையும் தட்டக்கூடிய விஷயம்.

நம்மூரில் ஒருவருக்கு ஒபரேஷன் என்றால் முதல் இரண்டு நாளும் ஆளுக்குக் குறைவிருக்காது. இரத்தம் கொடுக்க வாலிபர்கள் ஓடி வருவார்கள். வேன் பிடிப்பவர் ஒருவர், கொழும்பில் தெரிந்த ஆளைத் தேடுபவர் ஒருவர், வட்ஸ்அப் குரூப்பில் துஆக் கேட்பவர் ஒருவர். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையாக இருந்தாலும், கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையாக இருந்தாலும், மட்டக்களப்புக்கோ மஹரகமைக்கோ கொண்டுபோனாலும் இதுதான் நடக்கும். இது நமது சமூகத்தின் நல்ல குணம். பெருமையாகவே சொல்லலாம்.

"ஒபரேஷன் சக்ஸஸ், அல்ஹம்துலில்லாஹ்" என்று செய்தி வந்ததும் நாம் எல்லோரும் கலைந்துவிடுகிறோம். நோயாளி வீட்டுக்கு வருகிறார். தையல் வெட்டுகிறார்கள். பதினைந்தாம் நாள் "இப்ப சுகம்தானே?" என்று ஒரு கேள்வி. அதோடு ஊரின் கணக்கில் வருத்தம் முடிந்துவிட்டது.

பல வீடுகளில் உண்மையான கஷ்டம் அன்றுதான் தொடங்குகிறது. இரண்டு வாய் சோறு சாப்பிட்டால் வயிறு ஊதும். நாலு நாள் வெளிக்குப் போகாது. போகத் தொடங்கினால் நாளைக்கு எட்டுத் தடவை போகும். ராத்திரி நித்திரை இல்லை. ஒரு கலியாண வீட்டுக்குப் போக முடியாது, பஸ்ஸில் ஏற முடியாது. உடம்பு மெலியும். "எனக்கு இனி இப்படித்தானா?" என்ற பயம் மனசுக்குள் குந்திக்கொள்ளும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டியவர் கணவன் அல்லது மனைவி. அந்த ஒருவரை ஊரும் பார்ப்பதில்லை, குடும்பமும் தயார்படுத்துவதில்லை.

எங்கள் வீட்டிலும் இந்த அனுபவம் உண்டு. மனைவிக்குப் பெருங்குடலின் ஒரு பகுதியை அகற்றினார்கள். அதன் பின்னர் வந்த எட்டு மாதங்களை நாங்கள் இருவருமாகத்தான் கடந்தோம். அவர் வாசித்துப் பார்த்து, "இவ்வளவும் எழுதலாம், இதற்கு மேல் வேண்டாம்" என்று சொன்ன அளவோடு இந்தப் பதிவு நிற்கிறது.

முதலில் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம். தெரியாமல் இருப்பதால்தான் பாதிப் பயம்.

வயிற்றைத் திறந்து ஒபரேஷன் செய்தால் குடல் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திக்கொள்ளும். சிறுகுடல் ஒரு நாளுக்குள் அசையத் தொடங்கிவிடும். இரைப்பைக்கு ஒன்று, இரண்டு நாள் எடுக்கும். பெருங்குடலுக்குப் பொதுவாக இரண்டு, மூன்று நாள். வார்டில் டொக்டர் வந்து "காற்றுப் போனதா?" என்று கேட்பது இதற்குத்தான். அந்தக் கேள்விக்கு நம் பெண்கள் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொல்லாமல் இருப்பார்கள். பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. குடல் விழித்துவிட்டதா என்பதை அதை வைத்துத்தான் அவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு வேறு காரணங்கள் சேர்கின்றன. ட்ரமடோல், கோடின் போன்ற வலிக் குளிசைகள் மலச்சிக்கலைக் கொண்டுவரும். இரத்தம் ஏறுவதற்குத் தரும் இரும்புக் குளிசையும் பலருக்கு அப்படித்தான், மலத்தைக் கறுப்பாகவும் ஆக்கும். அன்டிபயோட்டிக் சிலருக்கு வயிற்றோட்டத்தைத் தரும். பித்தப்பையை எடுத்தவர்களுக்குப் பித்தநீர் சேமித்து வைக்க இடமில்லாமல் நேரே குடலுக்குள் இறங்குவதால், எண்ணெயும் தேங்காய்ப்பாலும் கூடிய சாப்பாட்டுக்குப் பிறகு சிலருக்கு வயிற்றால் போகும். பெரும்பாலும் வாரங்களில் அல்லது சில மாதங்களில் சரியாகும். இரைப்பையில் பகுதியை எடுத்தவர்கள் இனிப்பை ஒரேயடியாகச் சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் வரலாம். அவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடுக்க வேண்டும், சாப்பாட்டோடு தண்ணீரைச் சேர்த்துக் குடிக்காமல் இடைவெளி விட வேண்டும். இரைப்பை முழுவதையும் எடுத்திருந்தால் பி12 வாழ்நாள் முழுக்கத் தேவை. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் வெட்டியவர்களுக்கு அடிக்கடி போக வேண்டி வருவதும், வந்தால் தாங்க முடியாமல் இருப்பதும் மாதக் கணக்கில் நீடிக்கலாம்.

இவற்றில் எதுவும் கண்ணூறு இல்லை. எவரும் செய்வினை செய்யவும் இல்லை. ஒபரேஷனுக்குப் பிறகு உடம்பு புதிய கணக்கொன்றைப் படிக்கிறது. அதற்குக் காலம் வேண்டும்.

இனி நமது பத்தியத்துக்கு வருவோம்.

சரக்கு அரைத்த கறியை நாம் குறை சொல்லவில்லை. மல்லியும் சீரகமும் மிளகும் உள்ளியும் போட்டு உம்மாமார் வைக்கும் அந்தக் கறி, வாய் கசந்து கிடக்கும் நோயாளிக்கு ஒரு வாய் கூடுதலாகச் சோறு இறங்க வைக்கும். பிரச்சினை, பத்தியம் என்ற பெயரில் நாம் நிறுத்தும் சாப்பாட்டில் இருக்கிறது. மீன் கிரந்தி, முட்டை கிரந்தி, கோழி சூடு, இளநீர் குளிர், தயிர் கூடவே கூடாது. கடைசியில் மிச்சம் இருப்பது கஞ்சியும் ரஸ்கும். காயம் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். கடலோரத்தில் இருந்துகொண்டு, விடியற்காலையில் மீன் வந்து இறங்கும் ஊரில், நாற்பது நாள் மீன் கொடுக்காமல் ஓர் ஒபரேஷன் நோயாளியை வைத்திருப்பது நியாயமா?

டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் கெலெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1990களில் இந்த விஷயத்தில் பெரிய மாற்றத்தைத் தொடக்கிவைத்தார். ஒபரேஷன் முடிந்தவரை நாள் கணக்கில் பட்டினி போடாமல், கட்டிலில் கிடத்தி வைக்காமல், நேரத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவும் எழுந்து நடக்கவும் வைத்தால் குடல் விரைவாகத் தேறும் என்பதே அந்த முறையின் அடிப்படை. இன்று உலகம் முழுவதும் அந்தப் பாதையில்தான் போகிறார்கள். நாமோ "எழும்பாதே, படு" என்கிறோம். முற்றத்தில் பத்து நிமிடம் நடப்பதும் வயிற்றுக்கு மருந்துதான். பாரம் தூக்குவது மட்டும் வேண்டாம். பெரிய ஒபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரமாவது 12.5 கிலோ காஸ் சிலிண்டரும் தண்ணீர் வாளியும் ஈரத் துணி மூட்டையும் அவர் கைக்குப் போகக் கூடாது. அப்படியென்றால் அவை யார் கைக்குப் போக வேண்டும்? இதுதான் இந்தப் பதிவின் முக்கியமான கேள்வி.

நமது கரையோரத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருக்கிறார். உம்மா, மகள், மகளின் தங்கச்சி என்று பெண்களைச் சுற்றித்தான் நமது வளவுகள் இருக்கின்றன. அக்கரைப்பற்றில் தங்கி நமது சமூகத்தைப் படித்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இந்தத் தாய்வழிக் குடும்ப முறையை விரிவாக எழுதியிருக்கிறார். இந்த முறையால் நம் பெண்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. வருத்தம் வந்தால் உம்மா பக்கத்து அறையில், சாச்சி பக்கத்து வளவில்.

ஆனால் இதே முறை கணவனுக்கு ஒரு வசதியையும் கொடுத்துவிட்டது. "பொம்பிளயள் பாத்துக்கொள்ளுவாங்க" என்று ஒதுங்கிக்கொள்ளும் வசதி. வயலுக்குப் போகிறோம், கடைக்குப் போகிறோம், பாடசாலைக்குப் போகிறோம். மருந்து வாங்கித் தருகிறோம், பணம் தருகிறோம், கிளினிக் வாசலில் மோட்டார் சைக்கிளில் இறக்கிவிடுகிறோம். அக்ரஹார காப்புறுதிப் படிவத்தை ஒரு பிழையில்லாமல் நிரப்பத் தெரிந்த நமக்கு, மனைவி நேற்றிரவு எத்தனை தடவை எழும்பினார் என்று தெரியாது.

மாமிக்கு வயது போகிறது. அவருக்கே சீனி, பிரஷர். தங்கச்சிக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். முதல் வாரம் நிறைந்திருக்கும் வீடு ஆறாம் வாரம் காலியாகிவிடும். அது அவர்களின் குற்றமில்லை. அவர்களுக்கும் வாழ்க்கை இருக்கிறது. அதற்குப் பிறகும் இருக்க வேண்டியவர் நிக்காஹ் செய்தவர்தான்.

இதற்கு நமக்கு முன்மாதிரி இல்லையா? ஹிஜ்ரி 2இல் பத்ருக்குப் புறப்பட்டபோது உஸ்மான் (ரழி) அவர்கள் படையோடு போகவில்லை. அவர்களின் மனைவியும் நபி (ஸல்) அவர்களின் மகளுமான ருகையா (ரழி) நோயாகக் கிடந்தார்கள். மனைவியோடு மதீனாவில் தங்கும்படி சொன்னது நபி (ஸல்) அவர்களேதான். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய கூலியும் பங்கும் உஸ்மான் (ரழி) அவர்களுக்கு உண்டு என்றும் சொன்னார்கள். பத்ருக்கே விடுப்புக் கிடைத்திருக்கிறது. நம் ஆசிரியர் அறைகளில் ஒருவர் "மனைவிக்கு வயிறு சரியில்லை, இரண்டு நாள் லீவு" என்று சொன்னால் இன்னும் சிலர் சிரிக்கிறார்கள். கலியாணத்துக்கும் காணி வழக்குக்கும் எடுக்கும் லீவுக்கு யாரும் சிரிப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கணவன் மனைவிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தால் "மாஷா அல்லாஹ், என்ன மனுஷன்" என்கிறோம். கணவனுக்கு ஒபரேஷன் நடந்து ஒரு வருடம் அவரின் மலத்தையும் வாந்தியையும் சுத்தம் செய்து, இடையில் நெசவும் செய்து, பிள்ளைகளையும் படிப்பித்த பெண்களைப் பற்றி யாரும் பதிவு போடுவதில்லை. அது அவர்களின் கடமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். மனைவியின் வருத்தம் ஆறு மாதம் இழுத்தால் சில வீடுகளில் "மாப்பிள்ளைக்கு வேறொன்று பார்ப்போமா" என்ற பேச்சு மெல்ல எழும்புகிறது. படுக்கையில் கிடக்கும் பெண்ணின் காதில் அது விழாது என்று நினைக்கிறார்கள். விழும். குளிசைகள் கட்டியெழுப்பியதை அந்த ஒரு பேச்சு உடைத்துவிடும்.

சரி, கணவன் என்ன செய்யலாம்? எங்களுக்குப் பயன்பட்டவற்றைச் சொல்கிறோம்.

ஒரு கொப்பி வாங்குங்கள். பிள்ளைகளுக்கு வாங்கும் 40 பக்கக் கொப்பி போதும். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை போனார், இறுகலா தண்ணியா, எந்தக் குளிசை. தினமும் நாலு வரி. கிளினிக்கில் டொக்டருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்தக் கூட்டத்துக்குள் நின்று மனைவி வெட்கப்பட்டுச் சொல்லாததைக் கொப்பி சொல்லிவிடும். எங்கள் கொப்பியில் மூன்றாவது வாரத்தில்தான் தெரிந்தது, பால்த் தேத்தண்ணி குடித்த நாட்களில் எல்லாம் வயிறு மோசம் என்று. டயக்னோசிஸ் கார்டையும் அந்தக் கொப்பிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

சமைக்கப் பழகுங்கள். குழைந்த சோறு, தோல் நீக்கிய பருப்பு, அவித்த மீன், அவித்த முட்டை, பூசணிக்காய். இதற்குப் பெரிய கைப்பக்குவம் தேவையில்லை. புதிய சாப்பாட்டை ஒவ்வொன்றாகச் சேருங்கள், ஒரே நாளில் மூன்றைச் சேர்த்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாது.

தண்ணீரைக் கவனியுங்கள். கச்சான் காலத்தில் நம்மூர் வெயில் சுகமான ஆளையே வாட்டும். வயிற்றால் போகிறவருக்கு ஜீவனி கரைத்து வையுங்கள். சிறுகுடலில் இருந்து பை வைத்தவர்களுக்கு வெறும் தண்ணீர் போதாது, உப்பும் சேர்ந்து வெளியேறுகிறது. எவ்வளவு, எதைக் குடிப்பது என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களே, கட்டாரில் இருந்து நீங்கள் கஞ்சி வைக்க முடியாது. ஆனால் "சாப்பிட்டியா, சுகமா" என்று கேட்டு வைத்துவிடாமல், அந்தக் கொப்பியைக் கமராவில் காட்டச் சொல்லி ஒவ்வொரு வரியாகக் கேட்கலாம். கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பாதி பலம்.

எந்த அடையாளத்துக்கு உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வயிறு கல்லுப்போல ஊதி, காற்றும் மலமும் போகாமல் வாந்தி எடுத்தால். பச்சையாக வாந்தி எடுத்தால். காய்ச்சல் வந்தால், காயத்தில் சீழ் வந்தால். மலத்தில் இரத்தம் கண்டால். குடிப்பதெல்லாம் வெளியே வந்து சலமும் குறைந்தால். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால். இவற்றுக்கு ஓமத் தண்ணீர் கொடுத்து விடியும் வரை பார்த்திருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய வரும்.

இனிப் பார்க்க வருகிறவர்களுக்கு. நோயாளியைப் பார்ப்பது பெரிய நன்மை. ஆனால் அரை மணித்தியாலம் கட்டிலைச் சுற்றி நின்று, "இன்னும் போகல்லயா?", "எத்தின தரம் போகுது?" என்று பத்துப் பேருக்கு முன்னால் கேட்பது நன்மையில்லை. "எங்கட மாமிக்கும் இப்படித்தான் தொடங்கினது, பிறகு..." என்று மௌத்தில் முடியும் கதைகளும் வேண்டாம். புரியாணி, வட்டிலப்பம், பெட்டி பெட்டியாக பிஸ்கட் வேண்டாம். கொண்டுவர ஆசையென்றால் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு ஒரு நேரச் சாப்பாடு கொண்டு வாருங்கள். பிள்ளைகளை டியூஷனில் இருந்து கூட்டி வாருங்கள். பத்து நிமிடத்தில் துஆச் செய்துவிட்டுப் புறப்படுங்கள்.

வயிற்றில் பை வைத்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1954இல் டென்மார்க்கில் எலிஸ் சோரன்சன் என்ற தாதி இருந்தார். அவரின் தங்கை தோராவுக்குக் குடல் ஒபரேஷன் நடந்து வயிற்றில் வழி வைத்திருந்தார்கள். எங்கே கசிந்துவிடுமோ என்ற பயத்தில் தங்கை வீட்டை விட்டு வெளியே வருவதையே விட்டுவிட்டார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் உடம்பில் ஒட்டிக்கொள்ளும், கழற்றி எறியக்கூடிய பையைப் பற்றி எலிஸ் யோசித்தார். ஒரு பிளாஸ்டிக் தொழிலதிபரிடம் கொண்டுபோனார். அவர் முதலில் மறுத்துவிட்டார். அவரின் மனைவியும் ஒரு தாதி. அந்த மனைவி வற்புறுத்திய பிறகே அது உருவானது. இன்று உலகமெங்கும் நோயாளிகள் பாவிக்கும் பைகள் அந்த வழியில் வந்தவைதான். குடும்பத்தில் ஒருவரின் வெட்கத்தை இன்னொருவர் தன்னுடையதாக எடுத்துக்கொண்டதால் கிடைத்த பலன் அது.

நம்மூரில் பை வைத்தவர்களும், அடிக்கடி வயிற்றால் போகிறவர்களும் "நமக்குச் சுத்தமில்லை" என்று தொழுகையையே விட்டுவிடுகிறார்கள். பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். தொடர்ச்சியான உதுர் உள்ளவர்களுக்கு மார்க்கம் சலுகை வைத்திருக்கிறது. நேரம் வந்த பிறகு, ஒவ்வொரு பர்ளுக்கும் வுழூச் செய்து தொழலாம் என்பது நமது ஷாபிஈ மத்ஹபில் உள்ள சட்டம். நோன்பிலும் நோயாளிக்கு அனுமதி இருக்கிறது. நீரிழப்பு வரக்கூடிய உடம்போடு பிடிவாதமாக நோன்பு பிடித்து மயங்கி விழ வேண்டியதில்லை. விவரங்களை ஆலிமிடமும் டொக்டரிடமும் கேளுங்கள். உலமாக்களே, இதை ஒரு ஜும்ஆவில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வெட்கத்தால் கேட்காமல் இருக்கிறவர்கள் நீங்கள் நினைப்பதை விட அதிகம்.

கடைசியாகப் பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பள்ளிவாசலிலும் மையத்தைத் தூக்கச் சந்தூக்கு இருக்கிறது. குளிப்பாட்ட மேசை இருக்கிறது. அதை எந்த வீட்டாரும் கேட்டு வாங்கலாம், யாரும் கூச்சப்படுவதில்லை. அதேபோல இரண்டு கொமட் கதிரை, ஒரு நடை வண்டி, ஒரு சக்கர நாற்காலி வாங்கி வைத்தால் என்ன? ஒபரேஷன் முடிந்த உடம்போடு குந்தி எழும்புவது எவ்வளவு வேதனை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மலசலகூடம் முற்றத்தின் கடைசியில் இருக்கும் வீடுகள் இன்னும் எத்தனை இருக்கின்றன? ராத்திரி இரண்டு மணிக்கு மழையில் குடையோடு மனைவியைக் கூட்டிப் போகும் ஏழைக் கணவனுக்கு அந்தக் கதிரை எவ்வளவு பெரிய உதவி! பாவித்து முடிந்ததும் கழுவித் திருப்பித் தருவார்கள், அடுத்த வீட்டுக்குப் போகும். ஸதகத்துல் ஜாரியா என்று நாம் தேடும் வாசல்களில் இதுவும் ஒன்றுதானே.

மௌத்துக்குத் தயாராக இருக்கும் சமூகம், நோயில் இருந்து மீண்டு வருகிறவருக்கும் தயாராக இருக்க வேண்டும். உங்கள் மஹல்லாவில் இப்படி ஒரு ஏற்பாடு ஏற்கனவே இருந்தால் கீழே எழுதுங்கள், தேவைப்படுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் இந்த வெள்ளிக்கிழமை நிர்வாகத்தில் ஒருவரிடம் பேச்சைத் தொடங்குங்கள். முதல் கதிரையில் எங்கள் பங்கும் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

நோயில் கிடக்கும் எல்லோருக்கும், அவர்கள் பக்கத்தில் நித்திரை இல்லாமல் இருக்கும் கணவன்மாருக்கும் மனைவிமாருக்கும் அல்லாஹ் ஆரோக்கியத்தையும் பொறுமையையும் தருவானாக. துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.